பழைய ரெண்டு டப் வாஷிங் மெஷினை வீட்டிலேயே சரிசெய்த அனுபவங்கள்

அம்பத்தூர் பக்கம் வீடு காலி செய்தவர்களிடமிருந்து, தொண்ணூறுகளில் வாங்கிய செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தேன். ஒரு பக்கம் துவைக்கிற டப், மறுபக்கம் பிழிகிற டப். "ஓடாதுங்க, காயலாங்கடைக்குப் போடத்தான் வெச்சிருந்தோம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

காசு கொடுப்பதற்கு முன் நான் பார்த்தது மோட்டாரை அல்ல, அடிப்பாகத்தை. மெஷினைச் சாய்த்து, தகரம் தரையைத் தொடுகிற ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். துரு பொலபொலவென்று உதிர்ந்தால் எடுக்கவே கூடாது. மோட்டார், டைமர், பெல்ட் எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கும். ஓட்டையாகிப்போன உடம்புக்கு எங்கே போவது? எனக்கு வந்ததில் பெயின்ட் மட்டும்தான் உரிந்திருந்தது.

வீட்டில் ப்ளக்கைச் செருகி டைமரைத் திருகினால் 'ம்ம்ம்' என்று ஒரே உறுமல், உள்ளே துணியைச் சுழற்றுகிற அடித்தட்டான பல்சேட்டர் அசையவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றினேன், தாராளமாகச் சுற்றியது. அப்படியானால் எதுவும் இறுகிக்கொள்ளவில்லை, சந்தேகம் மோட்டார் சுற்றத் தொடங்க உதவுகிற கன்டென்சர் மேல்தான். பின்மூடியைக் கழற்றியதும் அது கண்ணில் பட்டது. பக்கவாட்டில் லேசாக உப்பியிருந்தது. மேலே 10 மைக்ரோஃபேரட், 440 வோல்ட் என்று அச்சு. மீட்டரில் வைத்தால் 3 மைக்ரோஃபேரட்டைத் தாண்டவில்லை.

இங்கே ஒரு விஷயம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சருக்குள் கரன்ட் தங்கியிருக்கலாம். பல்ப் மாட்டிய ஹோல்டரின் இரண்டு ஒயர்களையும் அதன் முனைகளில் கொஞ்ச நேரம் தொட வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்புறம், வீட்டில் கிடக்கிற சீலிங் ஃபேன் கன்டென்சரை இதில் மாட்டிப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட்தான், இந்த மோட்டாருக்குப் போதவே போதாது. சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் அதே அளவு கன்டென்சர் நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைத்தது.

மாற்றியதும் மோட்டார் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றியது. ஆனால் கரகரவென்று ஒரு சத்தம். பல்சேட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நடு ஸ்க்ரூ துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்ததால், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். ஸ்க்ரூ வந்த பிறகும் பல்சேட்டர் வரவில்லை. அடியில் இரண்டு பக்கமும் நாடாவைக் கொடுத்து நேராக மேலே இழுத்ததும் பளக்கென்று கையோடு வந்தது. அதற்குக் கீழே இருந்ததைப் பார்க்க வேண்டுமே! போர் தண்ணீர் உப்பு சுண்ணாம்புக் காரை மாதிரி கெட்டியாகப் படிந்திருக்க, அதற்குள் ஒரு ஊக்கு, இரண்டு சட்டைப் பொத்தான், ஒரு ஐம்பது பைசா, ஜாக்கெட் கொக்கிகள், நூலோடு பின்னிக்கொண்ட முடி. சுடவைத்த வினிகரை ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தே எடுத்தேன். அதோடு சத்தம் நின்றது.

இதில் எலக்ட்ரானிக் போர்டு எதுவும் கிடையாது. டைமர்கூடச் சாவி கொடுத்த கடிகாரம் போல ஸ்பிரிங்கில் ஓடுவதுதான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடர முடிகிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து

எங்களுடையதில் துவைக்கிற பக்கம் பிரச்சினையில்லை அண்ணா, பிழிகிற பக்கம்தான். சுற்றும், ஆனால் மெதுவாக, கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வரும். வந்து பார்த்த மெக்கானிக் மோட்டாரையே மாற்றச் சொன்னார். பின்மூடியைத் திறந்து பார்த்தால் பிரேக் ஒயர் தளர்ந்திருந்தது. மூடியை மூடும்போது அந்த ஒயர் இழுபட்டு பிரேக்கை விடுவிக்க வேண்டும். தளர்ந்ததால் பிரேக் கட்டை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒயரை இழுத்து அடுத்த ஓட்டையில் மாட்டினேன், வேகம் வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

இந்தப் பக்கம் தண்ணீர் சொட்டினால் சும்மா விடாதீர்கள். தண்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் பெல்லோ கிழிந்திருக்கும். அதற்கு நேர் கீழேதான் மோட்டார்.

நாகர்கோவிலிலிருந்து

டப்பில் தண்ணீர் நிற்காமல் போகிறது என்றால் முதலில் தண்ணீரை வெளியே விடுகிற ட்ரெயின் வால்வைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் ரப்பருக்கு அடியில் சிக்கியிருந்தது வேட்டிக்கரையின் நூல், அவ்வளவுதான்.

எர்த்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? தகர உடம்பு, ஈரத் தரை, செருப்பில்லாத கால். பழைய வீட்டு ப்ளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை பேருக்குத்தான் இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து அதைச் சோதித்து, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற ஸ்விட்ச்) போட்ட பிறகுதான் அம்மாவை மெஷின் பக்கமே விட்டேன்.

எலிக்கும் ஒரு வழி செய்யுங்கள். அடியில் திறந்திருக்கிற இடத்தில் கம்பி வலை வெட்டிக் கட்டிவிட்டேன். ஒயரைக் கடித்தால்கூட முறுக்கி ஒட்டலாம், எங்கள் வீட்டு எலி ட்ரெயின் பைப்பையும் சேர்த்தே தின்றது. பெல்ட் வாங்கப் போகிறவர்கள் பழைய பெல்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அதன் முதுகில் எண் அழிந்திருந்தாலும் கடைக்காரர் நீளம் வைத்துப் பார்த்துக் கொடுத்துவிடுவார்.