தொடாமல் ஸ்கூபா கற்றுத்தர முடியுமா?

கடலாடி:
அந்தமானில் முதல்முறை ஸ்கூபா டைவ் (சிலிண்டர் காற்றை சுவாசிச்சு கடலுக்குள்ள இறங்கறது) வர்றவங்கள்ல பலருக்கு நீச்சலே தெரியாது. பிடியை விட்டா பதறி மேலே பாய்வாங்க. மூச்சை அடக்கிட்டு ஏறினா நுரையீரல் கிழிஞ்சிடும். பாலியல் புகாருக்குப் பயந்து "தொடாதே"ன்னு விதி போட்டா யார் கற்றுத்தருவாங்க?

பவளம்:
தொடாதேன்னு யாரும் சொல்லலையே. பின்னாலிருந்து ஒரு கை சிலிண்டர் வால்வுல, இன்னொரு கை இன்ஃப்ளேட்டர்ல (மிதவை அங்கிக்குக் காற்றை ஏத்தி இறக்கற குழாய்). முகத்தைப் பார்க்கணும்னா பிசிடியோட, அதாவது அந்த மிதவை அங்கியோட, தோள்பட்டையைப் பிடிக்கலாம். ஆள் ஓடாம இருக்க இது போதும். இடுப்பை அணைச்சா மிதப்பு கட்டுக்குள் வராது. வெட்சூட்டோட (உடம்போட ஒட்டுற டைவ் உடை) ஜிப்புல நீள நாடா எதுக்கு இருக்கு? அவங்களே இழுத்துக்கத்தான். நெஞ்சுப்பட்டை, வெயிட் பெல்ட்டும் அப்படித்தான்: அவங்க மாட்டட்டும், நீங்க கண்ணால பாருங்க.

கடலாடி:
கரையில சரி. மாஸ்க்ல தண்ணி ஏறி ஆள் உதறும்போது எங்கே பிடிக்கிறோம்னா பார்ப்போம்?

பவளம்:
உதறும்போது ஒரு நொடி பிடிக்கிறதும், அமைதியா போற டைவ்ல கை அலையறதும் ஒண்ணா? படகிலேயே சொல்லிடுங்க: "வால்வைப் பிடிப்பேன், இன்ஃப்ளேட்டரை அழுத்துவேன், மாஸ்க்கைச் சரிசெய்வேன், அவ்வளவுதான்." எது வழக்கம்னு புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது. தப்பு பண்றவனுக்கு அந்த அறியாமைதான் மறைப்பு.

மீன்கொத்தி:
பெருவிரலை உயர்த்தினா டைவ் முடிஞ்சது, காரணம் கேட்கக் கூடாது. இதையும் சொல்லணும். ஆனா ஒரு சிக்கல்: அவங்களைத் தனியா ஏற விட முடியாது. 12 மீட்டரிலிருந்து நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல வந்தா ஏறக்குறைய 80 விநாடி, தப்பா தொட்ட அதே ஆளோட கையிலதான். அதனால தண்ணிக்குள்ள இரண்டாவது ஆள் வேணும்.

கடலாடி:
செலவு ஏறுமே. படம் எடுக்கிறவன்தான் கூடவே வர்றானே?

மீன்கொத்தி:
அவனும் அதே டைவ் கடைச் சம்பளம். ஆனா வீடியோ உதவும். நடந்தது புரிஞ்சதும் "அழிக்காதீங்க"ன்னு எழுத்துல கேட்டு வைக்கணும். அன்னைக்கே மெமரி கார்டைத் துடைச்சிடுவாங்க.

வழக்காடி:
பணியிடத்துல பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டம் ஊழியருக்கு மட்டுமில்லை, வாடிக்கையாளரா வந்த பெண்ணுக்கும் பொருந்தும். டைவ்மாஸ்டர் (டைவ் வழிகாட்டி) ஆகறதுக்குச் சம்பளமில்லாம பயிற்சி எடுக்கிறவங்களும் அதன்படி ஊழியர்தான். பத்துப் பேருக்குக் குறைவான கடைன்னா மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகணும். மூணு மாசத்துக்குள்ள புகாரை எழுதிக் கொடுக்கணும். தக்க காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். குற்றமா போகணும்னா பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 75ஆம் பிரிவு, பாலியல் தொல்லை. ஊர் திரும்பிட்டவங்க சென்னையிலேயே ஜீரோ எஃப்ஐஆர் (சம்பவம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் பதியற புகார்) கொடுக்கலாம்.

கடலாடி:
இன்ஸ்ட்ரக்டருக்கு அட்டை கொடுத்த சான்றிதழ் நிறுவனத்துக்கு எழுதினா போதாதா?

வழக்காடி:
எழுதுங்க, ஆனா அது கற்றுத்தரும் தகுதியை மட்டும்தான் பறிக்கும். வேற நிறுவனத்து அட்டையோட அதே ஆள் அடுத்த தீவுல நிற்கலாம். பயிற்சி எடுக்கிறவங்க வாய் திறக்காததுக்குக் காரணம் வேற: தேறினாங்கன்னு போடற கடைசிக் கையெழுத்து அந்த இன்ஸ்ட்ரக்டர் கையில. புகார் வந்த நாளே மதிப்பீட்டை வேற இன்ஸ்ட்ரக்டர்கிட்ட மாத்தணும்.

கடலாடி:
இரண்டே இன்ஸ்ட்ரக்டர் இருக்கிற கடையில, ஒருத்தர் முதலாளியா இருந்தா?

பவளம்:
அப்போ பக்கத்துக் கடை இன்ஸ்ட்ரக்டர். சிலிண்டர் தீர்ந்தா கடன் வாங்கறீங்கள்ல?