‘பிரெஸ் த ஃபிளெஷ்’: கையுலா என்று சொல்லலாமா?

நண்பர்களே,

அரசியல்வாதி கூட்டத்துக்குள் இறங்கி, எதிர்ப்பட்டவருக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டே போவதை அமெரிக்கர்கள் ‘பிரெஸ் த ஃபிளெஷ்’ என்பார்கள். 1960களில் அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனோடு சேர்த்து அதிகம் பேசப்பட்ட தொடர் அது. இதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சதையை அழுத்துதல்’. அதைச் செய்தியில் போட்டால் படிப்பவருக்கு அரசியல் நினைப்பே வராது.

‘கைகுலுக்கல்’ போதுமே என்றார் ஒருவர். எனக்குப் போதவில்லை. 1863 சனவரி 1, வெள்ளை மாளிகையில் புத்தாண்டு வரவேற்பு. லிங்கன் மணிக்கணக்கில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தார். பிற்பகலில் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட உட்கார்ந்தால் கை மரத்துப்போய் நடுங்குகிறது. எழுத்து கோணலாக விழுந்தால் ‘தயங்கிவிட்டார்’ என்பார்களே என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நடுக்கம் அடங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். 1907 புத்தாண்டு வரவேற்பில் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 8,513 பேருக்குக் கைகொடுத்தார். இரண்டும் கைகுலுக்கல்தான். ஆனால் தலைவர் நின்ற இடத்தில் நிற்கிறார். மக்கள் வரிசையில் வந்து போகிறார்கள்.

1968இல் அதிபர் வேட்பாளராக முயன்ற ராபர்ட் கென்னடியின் பிரசாரம் வேறு மாதிரி. திறந்த காரிலிருந்து அவர் கையை நீட்டினால் கூட்டம் பிடித்து இழுக்கும். கீழே விழாமலிருக்க உதவியாளர் ஒருவர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்திருப்பார். கையெல்லாம் கீறல், சட்டைக்கை மாட்டிகளைக்கூட (‘கஃப் லிங்க்’) கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே தலைவர் நகர்கிறார், கைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நாம் தேடும் சொல் இதற்குத்தான்.

‘மக்கள் சந்திப்பு’ மண்டபத்தில் நாற்காலி போட்டு நடத்துவதற்கும் பொருந்தும், அதில் தொடுதல் இல்லை. ‘வாக்கு சேகரிப்பு’ என்றால், வண்டியில் நின்று கும்பிட்டுக்கொண்டே போனாலும் அதுதான். தேர்தல் முடிந்த பிறகு கைகொடுத்தால் அந்தச் சொல் உதவாது. இலங்கைத் தமிழில் ‘கைலாகு கொடுத்தல்’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் அதிலும் நகர்வு இல்லை.

நகர்வுக்கு நம்மிடம் ‘உலா’ இருக்கிறது. மன்னன் வீதியில் பவனி வர, ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவதாகப் பாடுவது உலா இலக்கியம். அங்கே பார்வை மட்டும்தான். ‘உலா’வுக்கு முன்னால் ‘கை’யைச் சேர்த்தால் தொடுதலும் வந்துவிடுகிறது: கையுலா. ‘வீதியுலா’ இன்றும் எல்லார் வாயிலும் இருப்பதால் இது அந்நியமாகப் படாது.

எழுதிப் பார்த்தேன். ‘நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வேட்பாளர் காலையிலேயே உணவகங்களில் கையுலாவைத் தொடங்கிவிட்டார்.’ சரியாகவே இருக்கிறது. பாதுகாப்புக்குக் கட்டிய கயிற்றை ஒட்டி நடந்தபடியே கைகொடுப்பதை ‘கயிற்றோரக் கையுலா’ எனலாம். பொய்ச் சிரிப்போடு கைகொடுத்துத் திரிவதற்கு அமெரிக்கர்களிடம் வேறு சொல் உண்டு. அந்த ஏளனத்தைக் கையுலாவின் மேல் ஏற்ற வேண்டாம், அதைத் தனியே பேசுவோம்.

அப்புறம், வினையாக வரும்போது ‘கையுலா போனார்’ என்பதா, ‘கையுலா வந்தார்’ என்பதா? சாமி உலா ‘வருகிறது’ என்றுதான் சொல்கிறோம், தெருவில் நின்று பார்ப்பவர் நாம் என்பதால். கையை நீட்டி நிற்பவரும் தெருவில்தான் நிற்கிறார். ஆகவே ‘வந்தார்’ என்பதே என் தேர்வு. உங்கள் கருத்து?