லீட்ஸில் இருக்கும் இரண்டு கெக்கோக்களுக்குச் செலவு குறைந்த தற்காலிக இருப்பிடம்: ஆலோசனை தேவை

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பல்கலைக்கழகப் படிப்பின் இரண்டாம் ஆண்டை முடிக்கவிருக்கிறாள். அங்கே அவள் லெப்பர்ட் கெக்கோ ஒன்றையும் கிரெஸ்டட் கெக்கோ ஒன்றையும் வளர்த்து வருகிறாள்; இரண்டும் பல்லி இனங்கள். இப்போதைய வாடகை வீட்டின் ஒப்பந்தம் ஜூன் மாத இறுதியில் முடிகிறது; அடுத்த வீட்டின் சாவி செப்டம்பர் தொடக்கத்தில்தான் கைக்கு வரும். இடைப்பட்ட காலத்தில் முதலில் ஒரு தோழியின் அறையில் தங்கிவிட்டு, ஆகஸ்ட் மாதம் இங்கே சிங்கப்பூருக்கு வருகிறாள். அந்த மாதம் முழுவதும் தோழியே கெக்கோக்களைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்போதுள்ள மரக்கூண்டும் கண்ணாடிக் கூண்டும் கனமானவை. தோழியின் அறையில் அவற்றுக்கு இடமில்லாததால், மற்றச் சாமான்களோடு சேமிப்புக் கிடங்குக்குப் போகின்றன. ஆகவே இரண்டு மாதத்திற்கு மட்டும், எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய, 100 பவுண்டுக்குள் அடங்கக்கூடிய இருப்பிடம் தேவைப்படுகிறது. துணிமணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளே போதும் என்று மகள் சொல்கிறாள். செலவைக் குறைக்கப்போய் அந்த உயிர்கள் துன்பப்படக் கூடாது என்பதுதான் என் கவலை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன். அவற்றைத் தன்னோடு இங்கேயே கொண்டுவந்துவிட முடியுமா என்றும் கேட்கிறாள். முடியாது என்றே நினைக்கிறேன்; உறுதியாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அங் மோ கியோ அண்ணன் எழுதியது:

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கொண்டுவர முடியாது. சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்ப்பதற்குத் தேசியப் பூங்காக் கழகம் அனுமதித்துள்ள விலங்குகளின் பட்டியலில் பல்லி இனம் எதுவும் இல்லை. ஊர்வனவற்றில் செங்காது ஆமை போன்ற ஓரிரு ஆமை வகைகளுக்கு மட்டுமே இடமுண்டு. இங்கிலாந்தில் முறையாக வாங்கிய ரசீது இருந்தாலும் அது இங்கே செல்லாது. சிறிய பிராணிதானே, பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காது கொடுக்காதீர்கள். பிடிபட்டால் உங்கள் மகளுக்கு வழக்கு. பிடிபடாவிட்டாலும், நோய்வாய்ப்பட்டால் மருத்துவரிடம் காட்டத் தயங்கி மறைத்து வைக்கும் நிலைதான் அந்தப் பிராணிக்கு ஏற்படும்.

ஊர்வன நேசன் எழுதியது:

வணக்கம் அக்கா. படிப்புக்காக மான்செஸ்டரில் இருந்தபோது நானும் லெப்பர்ட் கெக்கோ வளர்த்தேன். அறை மாறும் போதெல்லாம் அது பிளாஸ்டிக் பெட்டியில்தான் இருந்தது. உங்கள் மகள் சொல்வது சரியே. ஆனால் இரண்டு கெக்கோக்களின் தேவைகளும் வெவ்வேறானவை என்பதால் ஒரே மாதிரியாக இரண்டு பெட்டிகள் செய்துவிடக் கூடாது.

முதலில் லெப்பர்ட் கெக்கோ. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களில் வாழும் இனம் இது. நம் சமையலறைச் சுவரில் ஊரும் பல்லிக்கு இருக்கும் ஒட்டும் பாதம் இதற்குக் கிடையாது; வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாது. எனவே உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். அங்கே பரவலாகக் கிடைக்கும் ‘ரியலி யூஸ்ஃபுல் பாக்ஸ்’ வகையில் 64 லிட்டர் பெட்டி ஏறத்தாழ 70 செ.மீ. நீளம் இருக்கும்; இரண்டு மாதத்திற்கு அது போதுமானது. நீளவாட்டில் ஒரு பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியிலும் எதிர்ப்பக்கச் சுவரின் மேற்பகுதியிலும் வரிசையாகத் துளையிட்டால் காற்று உள்ளே நுழைந்து குறுக்காக வெளியேறும். சூடான சால்டரிங் கம்பியால் துளையிடுவது எளிது. ஆனால் சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். துளையின் விளிம்பில் உருகி நிற்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, வாடை முழுவதும் போன பிறகே பிராணியை உள்ளே விட வேண்டும்.

தரைக்குச் சமையலறைக் காகிதத் துண்டு போதும். இரையோடு சேர்ந்து மணல் வயிற்றுக்குள் போகும் அபாயம் இல்லை. கழிவு எப்படி இருக்கிறது என்பதும் உடனே கண்ணுக்குத் தெரியும். மறைவிடங்கள் மூன்று வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரமானது ஒன்று. இவற்றுக்குக் கடைக்குப் போகத் தேவையே இல்லை. வெண்ணெய் டப்பாவின் பக்கவாட்டில் உடல் தாராளமாக நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, விளிம்பை மழுக்கிவிட்டால் போதும். ஈர மறைவிடத்துக்குள் நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டையோ பாசியையோ வைக்க வேண்டும். இதை மட்டும் தோழியிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஏனென்றால் ஈரம் போதாவிட்டால் தோல் உரியும்போது கால்விரல் நுனிகளில் மெல்லிய வெள்ளை உறைபோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அது காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரலே போய்விடும். தோல் உரித்த மறுநாள் எல்லா விரல்களையும் விளக்கொளியில் பார்ப்பது நல்லது.

இனி வெப்பம். செலவைக் குறைக்கக் கூடாத ஒரே இடம் இதுதான். லெப்பர்ட் கெக்கோ உண்ட உணவைச் செரிக்க வயிற்றுக்கு அடியிலிருந்து சூடு வேண்டும். சூடான பக்கத்தின் தரை 30 முதல் 32 பாகை செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 பாகை என்ற அளவில் இருக்க வேண்டும். பெட்டித் தரையில் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் மூடும் வெப்ப விரிப்பைப் பெட்டிக்கு வெளியே, அடியில் வைத்து, அதைத் தெர்மோஸ்டாட்டோடு, அதாவது சூடு குறித்த அளவைத் தாண்டாமல் கட்டுப்படுத்தும் கருவியோடு, இணைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பு கெக்கோவின் வயிற்றைச் சுட்டுவிடும், பிளாஸ்டிக்கையும் வளைத்துவிடும். பெட்டியின் நான்கு மூலைகளிலும் சிறு கட்டைகளை ஒட்டி, அடியில் காற்றுப் புகும் அளவுக்கு உயர்த்தி வைத்தால் வெப்பம் தேங்காது. தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை விரிப்புக்கும் பெட்டியின் அடிப்பாகத்துக்கும் இடையில் பொருத்தி, உள்ளே காகிதத்தின் மேல் எவ்வளவு சூடு வருகிறது என்பதைத் தனி வெப்பமானியால் அளந்து அதற்கேற்பத் திருகுங்கள். பெட்டிக்குள் ஒட்டுநாடா எதையும் பயன்படுத்தக் கூடாது. கெக்கோவின் உடல் அதில் ஒட்டிக்கொண்டால் தோலோடு பிய்ந்துவரும். மரக்கூண்டில் இப்போது இருக்கும் தெர்மோஸ்டாட் விரிப்புக்கும் பொருந்துமா என்று அதன் கையேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் உங்கள் மகளின் பெரிய செலவு அங்கேயே மிச்சமாகிவிடும். மேலிருந்து ஒளிரும் வெப்ப விளக்கைப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மேல் எந்தக் காரணத்திற்காகவும் வைக்க வேண்டாம்.

மழைக்காடு எழுதியது:

நேசன் விரிவாக எழுதிவிட்டதால் கிரெஸ்டட் கெக்கோவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் பிரிட்டனில் வேலை பார்த்த காலத்தில் இவ்வினத்தை வளர்த்திருக்கிறேன். நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த இது, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994ஆம் ஆண்டு மீண்டும் கண்டறியப்பட்டது. மரமேறும் பிராணி என்பதால் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் தயக்கமின்றி ஏறும், தாவும்.

அதே 64 லிட்டர் பெட்டியை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, மூடியை முன்கதவாக்கிக்கொள்ளுங்கள். மூடியில் பெரிய சதுரம் ஒன்றை வெட்டி, நுண்ணிய கம்பிவலையை வெளிப்பக்கத்திலிருந்து பொருத்தினால் காற்றோட்டம் தாராளமாகக் கிடைக்கும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகளும் தக்கைமரப் பட்டைகளும் செயற்கை இலைக்கொத்துகளும் நிறைய இருக்கட்டும். வெற்றுச் சுவர்களுக்கு நடுவே விடப்பட்டால் இது அஞ்சி வாலை உதிர்த்துவிடும். லெப்பர்ட் கெக்கோவுக்கு வால் மீண்டும் வளரும்; இதற்கு வளராது. மூடியின் இரு பூட்டுகளும் அழுந்தி மூடியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் கையால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் தோழிக்கு இருக்க வேண்டும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை இதற்கு 22 முதல் 26 பாகை போதும் என்பதால், கோடைக்காலத்தில் பெரும்பாலும் தனி விரிப்பே தேவைப்படாது. மாலையில் தண்ணீர் தெளித்து, மறுநாள் பகலில் உலரவிட வேண்டும். நாள் முழுவதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை பிடிக்கும். உணவும் எளிது: இவ்வினத்துக்கென்றே தயாரித்து விற்கப்படும் மாவுணவைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் அதுவே முழு உணவாக அமையும் என்பதால், பூச்சிகளைக் கையாளத் தயங்குபவர்கூட இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஓர் இடத்தில் நேசனிடமிருந்து வேறுபடுகிறேன். தெளிவான பிளாஸ்டிக் பெட்டியை அப்படியே வைத்தால் நான்கு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரியும். லெப்பர்ட் கெக்கோ பல நாள் இரையெடுக்காமல் மறைவிடத்திலேயே கிடக்கும். மூன்று பக்கங்களுக்கு வெளியிலிருந்து துளைகளை மறைக்காமல் பழுப்புத்தாள் ஒட்டிவிடுவது நல்லது.

செங்காங்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். அவளுடைய தெர்மோஸ்டாட் விரிப்புக்கும் பொருந்தும் வகைதானாம். ஆகவே செலவு நாங்கள் நினைத்ததைவிட மிகவும் குறைகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். ஆகஸ்டில் அங்கே வெப்ப அலை வந்தால் தோழி என்ன செய்ய வேண்டும்? இடம் மாறிய பிறகு லெப்பர்ட் கெக்கோ உண்ணாவிட்டால் எத்தனை நாள் பொறுக்கலாம்?

ஊர்வன நேசன் எழுதியது:

பழுப்புத்தாள் பற்றி மழைக்காடு சொன்னதை ஏற்கிறேன், கட்டாயம் செய்யுங்கள்.

வெப்ப அலையில் கவலைப்பட வேண்டியது கிரெஸ்டட் கெக்கோவைப் பற்றித்தான். 28 பாகைக்கு மேல் நீடித்தால் அதற்கு ஆபத்து. அங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் குளிர்சாதனம் இருக்காது. பெட்டியை வெயில் படாத, வடக்குப் பார்த்த, தாழ்வான இடத்துக்கு மாற்றி, உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே, பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சன்னலோரம் எந்தப் பெட்டியும் இருக்கக் கூடாது.

வால் தடித்த, வளர்ந்த லெப்பர்ட் கெக்கோ இடம் மாறியதும் ஒரு வாரம் உண்ணாமல் இருப்பது வழக்கமானதே. வாலில் சேர்த்துள்ள கொழுப்பு அதைத் தாங்கும். கிளம்புவதற்கு முன் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை தோழி எடை பார்க்கட்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்தாலோ வால் மெலிந்தாலோ மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர்கள் குறைவு என்பதால், லீட்ஸில் அப்படிப்பட்டவர் யார் என்பதை மகள் விமானம் ஏறுவதற்கு முன்பே விசாரித்துத் தொலைபேசி எண்ணைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டட்டும். மருத்துவச் செலவுக்கென்று கொஞ்சம் பணத்தையும் தோழியிடம் கொடுத்துவிட்டு வருவது நியாயம். இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, ஒரு விலங்கைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவரும் அதற்குப் பொறுப்பாளரே. அந்தப் பொறுப்பைத் தெரிந்து ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

பெட்டிகளை ஜூன் நடுவிலேயே தயார்செய்து, கெக்கோக்களை உள்ளே விடாமல் மின்னிணைப்பு கொடுத்து இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரவும் பகலும் வெப்பமானி காட்டும் அளவு நிலையாக இருந்தால்தான் அவற்றை மாற்ற வேண்டும்.