லினக்ஸ் நிறுவி இருபதாயிரம் நாள் ஆனதாக ஸ்கிரிப்ட் காட்டுகிறது, உதவி தேவை

கேட்டவர்:
லினக்ஸ் நிறுவி எத்தனை நாள் ஆகிறது என்று பார்க்கச் சின்னதாக ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். ரூட் அடைவு (எல்லாக் கோப்புகளுக்கும் மேலே இருப்பது) பிறந்த, அதாவது உருவான நேரத்தை, கோப்பு விவரம் காட்டும் ஸ்டாட் கட்டளையில் சதவீதக் குறியும் பெரிய டபிள்யூவும் போட்டு எடுக்கிறேன். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, ஒரு நாளின் நொடிகளான 86,400ஆல் வகுக்கிறேன், அவ்வளவுதான். உபுண்டு 22.04 மடிக்கணினியில் சரியாக வருகிறது. சென்டோஸ் 7 சர்வரில் மட்டும் இருபதாயிரம் நாளைத் தாண்டுகிறது. லினக்ஸுக்கே அவ்வளவு வயசு ஆகவில்லையே! சூடோ போட்டு நிர்வாகி அனுமதியோடு ஓட்டியும் அதே கதைதான்.

பதில் 1:
வகுப்பதற்கு முன்னால் ஸ்டாட் தருவதை அப்படியே எக்கோ செய்து பாருங்கள். 0 வரும், பந்தயமே கட்டலாம். பிறந்த நேரம் தெரியாவிட்டால் ஸ்டாட் பிழை எதுவும் சொல்லாது, பூஜ்யத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் உங்கள் கணக்கு, லினக்ஸ் நொடிகளை எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1-லிருந்து ஓடுகிறது. கெர்னல் 4.11-இல் வந்த ஸ்டாட்எக்ஸ் அழைப்பும், ஸ்டாட் அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் 8.31 பதிப்பும் இருந்தால்தான் பிறந்த நேரம் கிடைக்கும். சென்டோஸ் 7-இல் இருப்பதோ கெர்னல் 3.10, கோர்யூட்டில்ஸ் 8.22. அங்கே இந்த வழி எடுபடாது.

பதில் 2:
டியூன்2எஃப்எஸ் கட்டளை போட்டால் கோப்பு முறைமை உருவான தேதி வருமே?

பதில் 1:
அது எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைமைக்கு மட்டும். சென்டோஸ் 7 தானாக எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகையைத்தான் போடும். அதில் ஓட்டினால் மேஜிக் எண் தப்பு என்று திட்டும். சென்டோஸில் மென்பொருள் பொதிகளை நிறுவும் ஆர்பிஎம்மிடம் கேளுங்கள். பேஸ்சிஸ்டம் பொதியின் இன்ஸ்டால்டைமை (நிறுவிய நேரத்தை) வினவல் வடிவத்தில் கேட்டால் நொடிக் கணக்கிலேயே கிடைக்கும், தேதியைப் பிரித்து மேயும் வேலை மிச்சம்.

கேட்டவர்:
ஆமாம், 0தான்! ஆர்பிஎம் தரும் தேதியும், ரூட் பயனரின் அடைவில் கிடக்கும் அனகோண்டா கிக்ஸ்டார்ட் கோப்பின் (நிறுவும்போது உருவாவது) தேதியும் ஒரே நாள். 0 வந்தால் ஆர்பிஎம்முக்குப் போகும்படி ஒரு இஃப் சேர்த்துவிட்டேன்.

பதில் 3:
அது விஎம்மா (மெய்நிகர் கணினியா)? முன்பே தயாரித்து வைத்த டெம்ப்ளேட்டிலிருந்து நகலெடுத்தது என்றால் அந்த இரண்டுமே டெம்ப்ளேட் செய்த நாளைத்தான் சொல்லும். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) ஹோஸ்ட் சாவிக் கோப்புகளின் தேதியையும் பாருங்கள். டெம்ப்ளேட்டில் சாவிகளை அழித்து வைத்திருந்தால், நகலை முதல் தடவை பூட் செய்யும்போதுதான் புதிதாக உருவாகும்.

கேட்டவர்:
விஎம்தான். சாவித் தேதி எட்டு மாதம் பிந்தியது. சர்வர் எங்களுக்கு வந்தது அப்போதுதான், சரி. இரண்டு தேதியையும் தனித்தனி வரியில் அச்சிட வைக்கிறேன்.