நீதி வகுப்புக்குப் பிறகு மகள் மீனைத் தொட மாட்டேன் என்கிறாள்

அல்சூர்_அம்மா:
மகள் இங்கே பெங்களூரில் ஒரு தனியார் பள்ளியில் 4-ஆம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொண்டுவந்துவிட்டாள். உள்ளே வஞ்சிரம் வறுவல், அவளுக்கு உயிர். கேட்டால், "இரக்கம் இருக்கிறவங்க கறி மீன் சாப்பிட மாட்டாங்கன்னு மாரல் சயின்ஸ் மிஸ் சொன்னாங்க" என்கிறாள். வகுப்பில் யாரெல்லாம் சாப்பிடுவீர்கள் என்று கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி படுக்கும்போது "நாம கெட்டவங்களாம்மா?" என்று கேட்டாள், எனக்குத் தாங்கவில்லை. நீதி வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வீட்டுப் பழக்கத்தையே ஒழுக்கம் என்று சொல்லலாமா? பள்ளியில் எப்படிப் பேசுவது?

சாக்பீஸ்:
நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்களிடம் மதியம் முட்டை உண்டு, சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்போம், எல்லோரும் ஒரே வரிசையில்தான் உட்காருவார்கள், யாரிடமும் காரணம் கேட்க மாட்டோம். நீதி வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் நடக்கிறதைத்தான் எடுப்பேன், பென்சில் காணாமல் போனால் யார்மேல் முதலில் சந்தேகம் வருகிறது என்பது மாதிரி. பேச்சைப் பற்றி கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் மூன்றடிப் பாடல் ஒன்றைச் சொல்லிவிட்டு, தமிழ்ப் பிள்ளையிடம் 'யாகாவா ராயினும் நாகாக்க' சொல்லச் சொல்வேன். 2009-இல் இங்கே பெங்களூர் அல்சூரில் வள்ளுவர் சிலையும் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் சில நாள் இடைவெளியில் திறந்த கதையையும் கேட்பார்கள்.

வெங்காயம்_வேண்டாம்:
வள்ளுவரே 26-ஆவது அதிகாரம் முழுக்கப் புலால் மறுத்தல்தானே எழுதியிருக்கிறார்? உயிரிரக்கம் சொல்லிக்கொடுப்பது எப்படித் தப்பாகும்?

மல்லேஸ்வரம்_மாமா:
தாராளமாகச் சொல்லட்டும், பிள்ளைகள் எதிர்த்துக் கேட்கவும் விடட்டும். ஆனால் கை தூக்க வைத்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா, அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது மதபோதனையைப் பற்றியது. பெற்றோர் வாட்ஸப் குழுவிலும் போடாமல், மிஸ்ஸை முதலில் தனியாகப் பாருங்கள்.

அல்சூர்_அம்மா:
பார்த்தேன். தன் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள், பிள்ளைகளுக்கு வலிக்கும் என்று யோசிக்கவில்லை என்றார், இனிமேல் கை தூக்கச் சொல்வதில்லை என்றும் சொன்னார். அப்புறம் ராத்திரி அந்த அதிகாரத்தை மகளோடு உட்கார்ந்து படித்தேன். "வள்ளுவர் நம்ம வீட்டுக்கு வந்தா என்ன போடுவே?" என்றாள். சாம்பார் வைப்பேன் என்றேன். மீன் இன்னும் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.