வயலினை நம்பி மாதச் சம்பளத்தை விடலாமா?

கேட்பவர்: செந்தூல் வயலின்

அனைவருக்கும் வணக்கம். வயது 27, இருப்பது கோலாலம்பூரின் செந்தூலில். பெட்டாலிங் ஜெயா பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சிறுவயதிலிருந்தே கர்நாடக வயலின் வாசிக்கிறேன். வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், முகூர்த்த நாள்களில் திருமண வரவேற்புகளில் வாசிக்கிறேன். இதுபோகத் திருமண அழைப்பிதழ்களுக்குப் படம் வரைந்து தருகிறேன். மணமக்களின் முகம், வாசலில் வாழைமரம், அவர்கள் படித்த தமிழ்ப்பள்ளி என்று கேட்பதையெல்லாம் கணினியில் வரைவேன்.

இதுவரை வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்தேன். அடுத்த மாதம் முதல் ஐந்து நாளும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேலை முடிந்து எல்ஆர்டி ரயில் பிடித்து வீடு சேர்வதற்குள் பிள்ளைகள் வரும் நேரம் கடந்துவிடும். வகுப்பா வேலையா என்று இப்போது முடிவெடுத்தாக வேண்டும்.

அம்மா, "வயலின் சோறு போடுமா?" என்கிறார். அப்பா எதுவும் சொல்வதில்லை, அதுதான் இன்னும் கலக்கமாக இருக்கிறது. இங்கே இதே தொழிலில் இருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். வேலை வராத மாதங்களை எப்படி ஓட்டுகிறீர்கள்? வயலினும் ஓவியமும் சேர்த்துச் செய்தால், "எதிலும் ஆழமில்லாத பெண்" என்று பெயர் வந்துவிடுமா?

கிள்ளான் தவில்

விடாதீர்கள் அம்மா. நான் வாரநாள்களில் லாரி ஓட்டுகிறேன், வார இறுதியில் தவில் வாசிக்கிறேன். லாரிதான் வீட்டுக் கடனைக் கட்டுகிறது. கோயிலில் மரியாதை உண்டு, மாலை போடுவார்கள், வயிறார அன்னதானமும் கிடைக்கும். ஆனால் மாலையைக் கொண்டுபோய் வங்கியில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். வேறு அலுவலகம் தேடுங்கள், வயலினை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்மலை தபேலா

தங்கைக்கு வணக்கம். தவில்காரர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்த நீண்ட பதில். தேநீர் கலந்துகொண்டு வந்து உட்காருங்கள்.

நான் பினாங்குக்காரன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த முதலாளியிடமும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்தாயிற்று, வீடும் இருக்கிறது. தபேலா மட்டும் தட்டி இதைச் செய்ததாகச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். வகுப்பு எடுக்கிறேன், மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிறேன், ஹார்மோனியம் பழுது பார்க்கிறேன், வானொலி விளம்பரங்களுக்கு ஒலித்தொகுப்பு செய்கிறேன், மலாய் கசல் இசைக் குழுக்களோடும் உட்காருகிறேன்.

உங்கள் கேள்வியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எத்தனை வேலை தெரியும் என்பதைவிட, எந்த வேலை எந்த மாதத்தில் வரும் என்பதுதான் முக்கியம். கையில் ஐந்து தொழில் இருந்து, ஐந்தும் ஒரே மாதத்தில் படுத்துவிட்டால் என்ன பயன்? எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று நல்ல நாள், கரிநாள் போட்ட தமிழ் நாள்காட்டி. மற்றது பள்ளி விடுமுறையும் ரமலான் நோன்பு மாதமும் போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த வேலைக்கும் தலையாட்டுவேன்.

தையில் திருமணங்கள் தொடங்கும். பொங்கல் விழாக்களும் கூடவே வரும். தைப்பூசத்தன்று பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயில் வரை தண்ணீர்ப் பந்தல்கள்தாம். ஆனால் அன்று உருமி மேளத்துக்கு முன்னால் உங்கள் வயலினைக் கேட்க ஆளில்லை. பேசாமல் சாமி கும்பிடப் போங்கள், நானும் அதைத்தான் செய்கிறேன். பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாக்கள். வைகாசி, ஆனியில் மறுபடியும் திருமணங்கள். ஆடியில் முகூர்த்தமே கிடையாது. அம்மன் கோயில்களில் கூழும் தீமிதியும் நடக்கும், அங்கே மேளத்துக்குத்தான் வேலை, வரவேற்பு வயலினுக்கு இல்லை. ஆவணியில் மண்டபம் கிடைக்காது. நவராத்திரியில் கச்சேரி வரும், ஆனால் பாதி இடங்களில் தாம்பூலமும் சுண்டலும்தான் சன்மானம். தீபாவளிக்கு முன்பு பேரங்காடிகளும் நிறுவனங்களும் கூப்பிடும், அதில்தான் கொஞ்சம் நல்ல காசு. மார்கழியில் மறுபடியும் திருமணம் இல்லை.

இப்போது உங்கள் ஓவியத்துக்கு வருகிறேன். ஆவணியில் திருமணம் வைத்தவர் அழைப்பிதழை எப்போது தயார் செய்வார்? ஆடியில், அதற்கும் கொஞ்சம் முன்னால். தைத் திருமணத்துக்கு? கார்த்திகை, மார்கழியில். வயலின் பெட்டியை மூடி வைத்திருக்கும் மாதங்களில்தான் உங்கள் வரைபலகைக்கு வேலை வருகிறது. இதைவிட நல்ல ஜோடியை நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் வரையத் தெரிந்திருந்தால் ஹார்மோனியத்துக்குள் தலையை விட்டுத் தூசியைத் தின்றுகொண்டிருக்க மாட்டேன்.

இதில் நோன்பு மாதக் கணக்கு வேறு. ஹோட்டல் மேடைகளும் நிறுவன விருந்துகளும் அந்த மாதத்தில் அடங்கிவிடும். அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2026-இல் பிப்ரவரிப் பிற்பகுதியில் தொடங்குகிறது. 2030-இல் ஜனவரி தொடக்கத்தில் ஒரு நோன்பும், டிசம்பர் இறுதியில் இன்னொன்றும் வரும். அதாவது மார்கழியோடு மோதும். திருமணமும் இல்லை, ஹோட்டலும் இல்லை. அந்த ஆண்டுக்கு இப்போதே பணம் ஒதுக்கி வைக்கச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அந்த மாதத்திலும் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. ஜோகூரில் வேரூன்றிய மலாய் கசலில் ஹார்மோனியம், தபேலா, காம்புஸ் என்னும் தந்திக்கருவி ஆகிய மூன்றோடு வயலினும் உண்டு. நோன்பு துறக்கும் விருந்துகளில் மெதுவாக வாசிக்க இத்தகைய குழுக்களைக் கூப்பிடுவார்கள், பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புகளிலும் அப்படித்தான். உங்கள் கமகம் அங்கே வீண்போகாது. ஆனால் அவர்களுடைய இழைவு வேறு, உட்கார்ந்து கேட்டுப் பழக வேண்டும். மலாய்ப் பாட்டு நமக்கெதற்கு என்று யாராவது மூக்கைச் சுளித்தால், அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களை நினைவூட்டுங்கள். பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள். நாடே பாடியது அவர்களுடைய மலாய்ப் பாடல்களைத்தான். அதற்கும் முன்னே, 1880-களில் பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து இதே பினாங்கில் பங்சாவான் என்னும் மலாய் இசை நாடகம் பிறந்தது. அந்த மேடையில் தொடக்க காலத்தில் தபேலாவும் ஹார்மோனியமும்தான். நடிகர் என்றால் பாடவும் வேண்டும், காட்சிக்கும் காட்சிக்கும் இடையே ஆடவும் வேண்டும். "ஆழமில்லை" என்று அவர்களை யாரும் விரட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

பணம் வாங்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் இளம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். தேதியை உறுதி செய்யும்போதே பாதி. மீதியை மண்டபத்தில் ஒலிவாங்கி சோதிக்கும் நேரத்தில் வாங்கிவிடுங்கள். விருந்து முடிந்தபின் கேட்டால், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைக் காட்டுவார்கள், பெண் வீட்டார் பெரியப்பாவைக் காட்டுவார்கள். பெரியப்பா அதற்குள் காரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டிருப்பார்.

வயலின் இரண்டு வேண்டும். நல்லதை ஹோமப் புகை பக்கம் கொண்டுபோகாதீர்கள். கோயில் மண்டபத்தின் புழுக்கத்தில், தந்தியை முறுக்கும் பிரடை ஊதி இறுகிக்கொள்ளும், திருக முடியாது. அடுத்த நாள் ஹோட்டலின் குளிரூட்டியில் அதே பிரடை சுருங்கி, மேடையில் நாலு பேர் பார்க்கும்போது தந்தி "தொய்ங்" என்று அவிழும். வெளி நிகழ்ச்சிக்கு மலிவான வயலினும் அதில் ஒட்டும் சிறிய ஒலிவாங்கியும் போதும். கேட்பவர்களில் பெரும்பாலோர் கறியின் காரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மாணவர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதம் தவறாமல் வருவது அந்தக் கட்டணம் ஒன்றுதான். ஆனால் எல்லாரும் ஒரே வயதில் இருக்கக் கூடாது. ஐந்தாம் படிவம் வந்ததும் எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வைச் சொல்லி வயலினை அலமாரி மேல் ஏற்றிவிடுவார்கள். ஒரே ஆண்டில் பாதி வகுப்பு காலியாகும். பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் கட்டணத்தை முதல் தேதியே கொடுத்துவிடுவார்கள், பயிற்சியும் செய்துகொண்டு வருவார்கள்.

வரி அக்கா

தபேலா அண்ணன் வருமானத்தைச் சொல்லிவிட்டார், தாள் வேலையை நான் சொல்கிறேன். கோலாலம்பூரில் கலைஞர்கள் சிலருக்குக் கணக்கு பார்க்கிறேன். பெரும்பாலோர் காகிதப் பையில் ரசீதைக் கொட்டிக்கொண்டு ஜூன் கடைசி வாரத்தில் வருவார்கள்.

முதலில் வணிகங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்-இல் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனி வணிகப் பெயர் வைத்தால் 60. நிறுவனங்கள் பணம் தரும்போது இந்தப் பதிவைக் கேட்கும். தொழில் வருமானம் வந்துவிட்டால் வருமான வரிக்குச் சம்பளக்காரர்களின் பிஇ படிவம் அல்ல, பி படிவம். வேலையை விடும் ஆண்டில் சம்பளத்தையும் அதிலேயே காட்ட வேண்டும். தந்தி, வில் முடி மாற்றிய செலவு, நிகழ்ச்சிக்குப் போன பெட்ரோல் எல்லாவற்றுக்கும் ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள். ஓரிரு ஆண்டுகளில் சிபி500 என்று ஒரு கடிதம் வரலாம். பயப்படாதீர்கள், வரியை இரண்டு மாதங்களுக்கு ஒரு தவணையாக முன்கூட்டியே கட்டச் சொல்வது அது. வருமானம் குறைந்திருந்தால் தொகையைத் திருத்தக் கேட்கலாம்.

முதலாளி இல்லையென்றால் ஓய்வுக்கால சேமநிதியான இபிஎஃப்-உம் விபத்துப் பாதுகாப்பு தரும் சொக்சோவும் தாமாக வராது. இபிஎஃப்-இல் ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்து நீங்களே போடுங்கள், அரசு ஊக்கத்தொகையாக ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் சேர்க்கிறது. சொக்சோவில் சொந்தத் தொழில் செய்வோருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 789 இருக்கிறது, கலைஞர்களும் அதில் அடக்கம். நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தால் வயலின்காரிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. கார் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே கடனுக்கு விண்ணப்பியுங்கள். பிறகு வங்கி உங்களிடம் பி படிவமும் கணக்கு அறிக்கையும் கேட்டு இழுத்தடிக்கும்.

மேடை விளக்கு

"ஆழமில்லாத பெண்" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில். நான் பரதம் கற்றவன், இப்போது பெரும்பாலும் மேடைக்கு ஒளியமைக்கிறேன். ரம்லி இப்ராஹிமின் சூத்ரா நடனக் குழுவுக்கு ஒளியமைக்கும் சிவராஜா நடராஜன் ஓவியரும்கூட. அவருடைய மேடை ஒளியைப் பார்த்தவர் எவரும் அவருக்கு ஓவியம் ஒரு பக்கத்தொழில் என்று சொல்லமாட்டார். எந்த முகத்தில் எந்தப் பக்கம் நிழல் விழ வேண்டும் என்பதைத் தூரிகை பிடித்த கை அறிந்திருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். கேக் செய்கிறேன், மருதாணி போடுகிறேன், வயலினும் வாசிக்கிறேன் என்று ஒரே அட்டையில் அச்சடித்துக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அழைப்பிதழுக்குத் தனிப் பக்கம், வயலினுக்குத் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரிக்குக் கூப்பிடுபவருக்கு அழைப்பிதழ் விலைப்பட்டியல் தெரிய வேண்டியதில்லை.

செந்தூல் வயலின்

எல்லாருக்கும் நன்றி. ஆடியில் அழைப்பிதழ் வேலை கூடுவதை நானே கவனித்ததில்லை. பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன், அண்ணன் சொன்னது அப்படியே இருக்கிறது. கிள்ளான் அண்ணனின் பதிலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவருக்குத்தான் அம்மாவின் ஓட்டு.

ஒரு புதுச் சங்கதி. நகருக்குள் ஓர் உணவகத்தில் வாரம் மூன்று மாலை வாசிக்க ஆறு மாத ஒப்பந்தம் தருகிறார்கள். தொகை பரவாயில்லை. ஆனால் ஒப்பந்தக் காலத்தில் "வேறு எங்கும் பொது நிகழ்ச்சியில் வாசிக்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

தண்ணீர்மலை தபேலா

அந்த வரியோடு போடாதீர்கள். ஆறு மாதம் என்றால் அதற்குள் ஒரு முகூர்த்தக் காலம் முழுவதும் போய்விடும். வாரம் மூன்று மாலைக்குப் பணம் கொடுத்து ஏழு மாலையை வாங்கப் பார்க்கிறார்கள். அதை அடித்துவிட்டு, "இந்த உணவகத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வேறு உணவகத்தில் வாசிக்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுங்கள், அவர்களுடைய பயம் பக்கத்துக் கடைதான். திருமணம், கோயில், வகுப்பு மூன்றும் விலக்கு என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். மூன்று மாலைகள் எந்தெந்தக் கிழமை என்பதும் தாளில் வரட்டும், சனி ஞாயிறு வேண்டாம். நோன்பு மாதத்தில் மேடையை நிறுத்தினால் பணம் உண்டா இல்லையா என்பதையும் இப்போதே கேளுங்கள். மறுத்தால் முழு ஒப்பந்தத்தையும் இங்கே போடுங்கள், ஊர் பெயரையும் கடை பெயரையும் மறைத்துவிட்டு. வரி அக்காவும் பார்க்கட்டும்.