எஸ்எஃப்டிபி கனெக்டர்: டெஸ்ட் ஓகே, டிரான்ஸ்ஃபர் ஐடியும் வருகிறது, ஆனால் வங்கி சர்வரில் ஃபைல் இல்லை

நள்ளிரவு_ஷிஃப்ட் (கேள்வி)

வணக்கம். அமேசானின் ஃபைல் பரிமாற்றச் சேவையான ஏடபிள்யூஎஸ் டிரான்ஸ்ஃபர் ஃபேமிலியில், மும்பை ரீஜனில், ஒரு எஸ்எஃப்டிபி கனெக்டர் (வெளி சர்வருக்கு ஃபைல் அனுப்பவும் அங்கிருந்து எடுக்கவும்) போட்டிருக்கிறேன். எஸ்3 பக்கெட்டில் (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் கிடங்கு) விழும் பேமென்ட் ஃபைலை வங்கியின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். மாலையில் அவர்கள் வைக்கும் ஸ்டேட்டஸ் ஃபைலை எடுத்து வரவும் வேண்டும்.

இப்போதைய நிலை: யூசர்நேமும் பிரைவேட் கீயும் சீக்ரெட்ஸ் மேனேஜரில். பக்கெட்டுக்கு எங்கள் சொந்த கேஎம்எஸ் கீ (குறியாக்கச் சாவி). டெஸ்ட் கனெக்‌ஷன் கொடுத்தால் ஓகே. ஸ்டார்ட் ஃபைல் டிரான்ஸ்ஃபர் கூப்பிட்டால் எரர் எதுவும் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் ஐடி வருகிறது. ஆனால் வங்கிப் பக்கம் ஃபைல் இல்லை. லாக் பார்க்கும் கிளவுட்வாட்சில் லாக் குரூப்பே காணோம்.

இதற்கிடையில் வங்கியிலிருந்து மூன்று செய்தி:

1. வரும் சனிக்கிழமை சர்வரின் ஹோஸ்ட் கீயை (சர்வரின் அடையாளச் சாவி) மாற்றுகிறார்கள்.
2. ஃபயர்வாலில் போட எங்கள் ஐபி பட்டியலை எழுத்தில் கேட்கிறார்கள். டெஸ்ட் சூழலில் எல்லாருக்கும் திறந்திருக்கிறதாம், புரொடக்‌ஷனில் அப்படி இல்லை.
3. அவர்களுடைய ஜாப் நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோல்டரைப் பார்த்து, இருப்பதை எடுத்துக்கொண்டு போகும். பாதி ஏறிய ஃபைலை அது எடுத்துவிட்டால் பொறுப்பு எங்களுடையதாம்.

எங்கிருந்து தொடங்குவது?

கேபிள்பூனை

டிரான்ஸ்ஃபர் ஐடி வந்தால் ஃபைல் போய்ச் சேர்ந்தது என்று பொருள் இல்லை. அது வெறும் டோக்கன் சீட்டு. ஸ்டார்ட் ஃபைல் டிரான்ஸ்ஃபர் வேலையை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும், உண்மையான அனுப்புதல் பிறகுதான் நடக்கும். ஸ்கிரிப்ட் எரர் இல்லாமல் முடிந்ததை வைத்து "அனுப்பியாச்சு" என்று டேட்டாபேஸில் எழுதுகிறீர்கள் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

டெஸ்ட் கனெக்‌ஷன் ஓகே சொல்வதும் இவ்வளவுதான்: ரோல் (கனெக்டருக்குக் கொடுத்த அனுமதித் தொகுப்பு) சீக்ரெட்டைப் படித்தது, சர்வரைத் தொட முடிந்தது, ஹோஸ்ட் கீ பொருந்தியது, லாகின் ஆனது. உங்கள் பக்கெட்டை அது தொடவே இல்லை. வங்கியின் ஃபோல்டரில் எழுத முடியுமா என்றும் பார்க்கவில்லை. ஆகவே கோளாறு இந்த இரண்டு முனைகளில் ஒன்றில்தான்.

லாக் குரூப் இல்லாததற்குக் காரணம், கனெக்டரில் லாகிங் ரோல் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். ஆக்சஸ் ரோல் வேறு, லாகிங் ரோல் வேறு. லாக் குரூப், லாக் ஸ்ட்ரீம் இரண்டையும் உருவாக்கவும் அதில் எழுதவும் அனுமதி உள்ள ஒரு ரோலைக் கொடுங்கள், டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் அதை ஏற்கும்படி டிரஸ்ட் பாலிசியும் இருக்கட்டும். அதன்பின் ஒரு ஃபைல் அனுப்பினால் கனெக்டர் ஐடியின் பெயரில் லாக் குரூப் தானாக வரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஜேசன் வரி. அதில் நிலை, தோல்வி என்றால் காரணம், இரண்டும் இருக்கும். லாக் வருவதற்கு முன்பே விடை வேண்டுமென்றால் லிஸ்ட் ஃபைல் டிரான்ஸ்ஃபர் ரிசல்ட்ஸ் என்ற ஏபிஐயிடம் அந்த டிரான்ஸ்ஃபர் ஐடியைக் கொடுத்துக் கேளுங்கள்.

என் ஊகம் கேஎம்எஸ். சொந்தக் கீ போட்ட பக்கெட் என்றால் கெட் ஆப்ஜெக்ட் அனுமதி மட்டும் போதாது, ஆக்சஸ் ரோலுக்கு அந்தக் கீயின் டிக்ரிப்ட்டும் வேண்டும். ஸ்டேட்டஸ் ஃபைலை உள்ளே கொண்டுவர ஜெனரேட் டேட்டா கீ அனுமதியும் சேர வேண்டும். பாலிசியில் எழுதியும் ஓடவில்லை என்றால் கீ பாலிசியைப் பாருங்கள். கீ இன்னொரு அக்கவுண்டில் இருந்தால் அங்கேயும் அனுமதி எழுதாமல் திறக்காது.

அடுத்த முனை, பாதை. அனுப்பும் பாதை சாய்வுக்கோட்டில் தொடங்கி, பக்கெட் பெயர், பிறகு ஆப்ஜெக்ட் கீ என்று இருக்க வேண்டும். எஸ்3 முகவரியைக் கன்சோலில் இருந்து அப்படியே ஒட்டினால் ஓடாது. ஓர் அழைப்பில் 10 பாதைகள் வரை தரலாம். ரிமோட் டைரக்டரியைக் கொடுக்காவிட்டால் ஃபைல் அந்த யூசரின் ஹோம் ஃபோல்டரில் போய் விழும். அங்கே எழுத அனுமதி இருந்தால் டிரான்ஸ்ஃபர் வெற்றி என்றே காட்டும், வங்கியின் ஜாப் மட்டும் ஒன்றையும் பார்க்காது. ரூட் அடைக்கப்பட்ட யூசருக்கு (தன் ஃபோல்டருக்கு மேலே பார்க்க முடியாதவர்), லாகின் ஆனபின் தெரியும் பாதைதான் கணக்கு. அவர்கள் ஆவணத்தில் சர்வரின் முழுப் பாதையை எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்று: இன்பவுண்ட், அவுட்பவுண்ட் என்ற ஃபோல்டர்கள் யார் பார்வையில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இதில் நிறையப் பேர் மாலை நேரத்தைத் தொலைத்திருக்கிறார்கள்.

நள்ளிரவு_ஷிஃப்ட்

நன்றி. லாகிங் ரோல் கொடுத்ததும் தெரிந்துவிட்டது, கேஎம்எஸ் டிக்ரிப்ட்தான் இல்லை. சேர்த்தபின் ஃபைல் போய்விட்டது. இனி ஹோஸ்ட் கீயும் ஐபியும். கீயை ஸ்கேன் செய்து எடுத்துப் போட்டால் போதுமா? மேலும், எங்கள் செக்யூரிட்டி டீம் எஸ்எஸ்ஹெச் ஆர்எஸ்ஏ என்ற பெயரைப் பார்த்ததும் "பழைய எஸ்ஹெச்ஏ1, கூடாது" என்கிறது.

கைரேகை256

ஹோஸ்ட் கீயிலிருந்து வருகிறேன், அதுதான் சனிக்கிழமை வேலையை நிறுத்தப்போவது.

எஸ்எஸ்ஹெச் கீஸ்கேன் எடுத்துத் தரும் வரியில் மூன்று துண்டு இருக்கும்: ஹோஸ்ட் பெயர், கீ வகை, நீளமான கீ. கனெக்டருக்கு ஹோஸ்ட் பெயரை வெட்டிவிட்டு மற்ற இரண்டை மட்டும் கொடுக்க வேண்டும். போர்ட் 22 இல்லை என்றால் ஸ்கேன் செய்யும்போதே அந்த எண்ணைச் சொல்லுங்கள், மறந்தால் வேறு சர்வீஸின் கீ வந்து நிற்கும்.

ஆனால் ஸ்கேன் மட்டும் போதாது. நடுவில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவருடைய கீயைத்தான் ஸ்கேனும் கொண்டுவரும். ஸ்கேன் செய்த கீயின் எஸ்ஹெச்ஏ256 கைரேகையை எடுத்து, வங்கியின் டெக்னிக்கல் தொடர்பு நபர் வேறு வழியில், அதாவது ஃபோனிலோ கையெழுத்திட்ட ஆவணத்திலோ தரும் கைரேகையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசி நாலு எழுத்து பொருந்துகிறது என்று விட்டுவிட வேண்டாம்.

கனெக்டரில் 10 ஹோஸ்ட் கீ வரை வைக்கலாம். ஆகவே சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் புதிய கீயை இப்போதே வாங்கி, பழையதோடு சேர்த்துப் போடுங்கள். அவர்கள் எப்போது மாற்றினாலும் டிரான்ஸ்ஃபர் நிற்காது. இரண்டு நாள் கழித்துப் பழையதை எடுத்துவிடுங்கள். அப்டேட் கொடுக்கும்போது முழுப் பட்டியலையும் கொடுங்கள், புதியதை மட்டும் கொடுத்தால் பழையது போய்விடும், வெள்ளிக்கிழமை இரவே நின்றுவிடும்.

லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு மூன்று சர்வர் வைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஹோஸ்ட் கீ வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அடையாளம் எளிது: அதே செட்டிங்கில் ஒருமுறை லாகின் ஆகும், அடுத்தமுறை கீ பொருந்தவில்லை என்று விழும். எல்லாச் சர்வரின் கீயையும் கேட்டு வாங்குங்கள். டிஆர் சர்வரையும் (பேரிடர்க்கால மாற்றுச் சர்வர்) சேர்த்துக் கேளுங்கள், அதை யாரும் தானாகச் சொல்வதில்லை.

செக்யூரிட்டி டீமுக்கு: எஸ்எஸ்ஹெச் ஆர்எஸ்ஏ என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது, குழப்பம் அதனால்தான். கீ வரியின் தொடக்கத்தில் இருப்பது கீயின் வகை. அதே கீயைக் கொண்டு எஸ்ஹெச்ஏ2 கையொப்பமும் போடலாம், 2018இல் வந்த ஆர்எஃப்சி 8332 அதற்குத்தான். விலக்க வேண்டியது எஸ்ஹெச்ஏ1 கையொப்ப முறையை. ஓபன்எஸ்எஸ்ஹெச் 2021இல் 8.8 பதிப்பிலிருந்து அதை இயல்பாக அணைத்துவிட்டது. கனெக்டரில் செக்யூரிட்டி பாலிசி 2024-03 என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதிர்ப்பக்கச் சர்வர் ரொம்பப் பழையது என்றால் நெகோஷியேஷனிலேயே விழும், அப்போது 2023-07 கைகொடுக்கலாம். அதை நிரந்தரமாக வைக்காமல், எப்போது அப்டேட் செய்வீர்கள் என்று அவர்களிடம் தேதி வாங்கிக்கொண்டு வையுங்கள்.

ஐபிக்கு டிஸ்கிரைப் கனெக்டர் கூப்பிட்டால் பட்டியல் வரும். அதில் உள்ள அத்தனையையும் ஃபயர்வாலில் போடச் சொல்லுங்கள். ஒன்றை விட்டால் சில நேரம் போகும், சில நேரம் டைம்அவுட். அதே அக்கவுண்ட், அதே ரீஜனில் உள்ள எஸ்எஃப்டிபி கனெக்டர்கள் எல்லாம் இந்த ஐபிகளையே பயன்படுத்தும், புதிதாக ஒன்று போட்டாலும் மறுபடி வங்கிக்கு எழுத வேண்டியதில்லை.

டோக்கன்_நம்பர்_42

ஐபி விஷயத்தில் ஒரு சேர்ப்பு. சில வங்கிகள் "உங்கள் சொந்த ஐபியிலிருந்து மட்டும் வாங்க" என்று நிற்பார்கள், அல்லது லீஸ்டு லைன் வழியாகத்தான் சர்வரைக் காட்டுவார்கள். 2025இலிருந்து கனெக்டரை விபிசி லாட்டிஸ் வழியாக உங்கள் விபிசிக்குள்ளிருந்து (ஏடபிள்யூஎஸ்ஸில் உங்கள் தனி நெட்வொர்க்) வெளியே விடலாம். ரிசோர்ஸ் கேட்வே, ரிசோர்ஸ் கான்ஃபிகரேஷன் இரண்டும் அமைக்கணும். உங்கள் நேட் கேட்வேயின் ஐபி வெளியே தெரியும். தேவையில்லைன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, பார்க்க வேண்டிய இடம் கூடிடும்.

இப்போ மூணாவது கேள்வி, பாதி ஃபைல். வங்கியிடம் இன்பவுண்ட் ஃபோல்டருக்கு வெளியே, அதே டிஸ்க்கில், தற்காலிக ஃபோல்டர் ஒண்ணு கேளுங்க. ஃபைலை முதல்ல அங்கே அனுப்புங்க. வெற்றின்னு ஈவென்ட்பிரிட்ஜில் (ஏடபிள்யூஎஸ்ஸின் நிகழ்வு அறிவிப்புச் சேவை) செய்தி வந்த பிறகு ஸ்டார்ட் ரிமோட் மூவ் கூப்பிட்டு இன்பவுண்டுக்கு நகர்த்துங்க. ஒரே டிஸ்க்கில் பெயர் மாற்றம்ங்கிறது ஒரே நொடியில் முழுசா நடக்கும், அவங்க ஜாப் பாதியைப் பார்க்க வழியில்லை. வேற மவுண்ட்டா இருந்தா மூவ் தோற்கும். யூசருக்கு ரினேம் அனுமதி இருக்கான்னும் முன்கூட்டியே கேட்டுடுங்க, எழுத மட்டும் விட்டு ரினேமைத் தடுத்து வைக்கிற சர்வர் உண்டு.

ரினேம் கிடையாதுன்னா காலி மார்க்கர் ஃபைல் முறை: பேமென்ட் ஃபைல் போய்ச் சேர்ந்த பிறகு அதே பெயரில் வேற எக்ஸ்டென்ஷனோட ஒரு சின்ன ஃபைல். மார்க்கர் வந்தால்தான் எடுப்போம்னு அவங்க ஜாபை மாத்தணும். ரெண்டையும் ஒரே அழைப்பில் அனுப்பாதீங்க, எது முதல்ல போகும்னு நம்ப முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ரெண்டு தடவை போறது. இது பேமென்ட் ஃபைல், ரிப்போர்ட் இல்லை. தோல்வின்னு வந்ததும் கண்ணை மூடிட்டு ரீட்ரை போட்டால், முதல் முயற்சியில் ஃபைல் முழுசா ஏறி கடைசியில் மட்டும் கனெக்‌ஷன் அறுந்திருந்தா, அவங்க ஜாப் ஒண்ணை எடுத்துட்டுப் போயிருக்கும், நீங்க இன்னொண்ணை வைப்பீங்க. நேரா இன்பவுண்டில் எழுதினாத்தான் இந்தச் சிக்கல், தற்காலிக ஃபோல்டர் இருந்தா அதுவும் தீருது. மூவ் தோற்றாலும் இதே கவனம் வேணும்: ரீட்ரைக்கு முன்னாடி ஸ்டார்ட் டைரக்டரி லிஸ்டிங் போட்டு தற்காலிக ஃபோல்டரில் ஃபைல் இன்னும் இருக்கா, சைஸ் பொருந்துதான்னு பாருங்க. அங்கே இல்லைன்னா தானா எதையும் திரும்ப அனுப்ப வேண்டாம், ஆளை எழுப்புங்க.

ஸ்டேட்டஸ் ஃபைலை எடுக்கிறதுக்கும் அதே லிஸ்டிங்தான். நட்சத்திரக் குறி போட்டு "எல்லா சிஎஸ்வியும் வா"ன்னு கேட்க முடியாது, ஒவ்வொரு ஃபைலின் பாதையும் வேணும். ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தான்னே கொடுங்க, அஞ்சரை மணி நேரம் கழிச்சுக் கணக்குப் போடத் தேவையில்லை. அது நேரடியா லிஸ்டிங்கைக் கூப்பிடும். முடிவு ஒரு ஜேசனா உங்க பக்கெட்டில் விழும். முடிஞ்சதுங்கிற ஈவென்டில் ஒரு லாம்டா (ஈவென்ட் வந்தா ஓடுற சின்ன புரோகிராம்) அதைப் படிச்சு, ஏற்கெனவே எடுத்ததை விலக்கி, பத்துப் பத்தா ஸ்டார்ட் ஃபைல் டிரான்ஸ்ஃபருக்குக் கொடுக்கும். ஜேசனில் டிரன்கேட்டட்ங்கிற ஃபீல்டைப் பார்க்க மறக்காதீங்க. அது உண்மைன்னு வந்தால் பட்டியல் பாதியில் நின்னிருக்கு.

ஸ்டேட்டஸ் ஃபைல் தினமும் ஒரே பெயரில் வருதா? அப்படின்னா உள்ளூர்ப் பாதையில் தேதி சேருங்க, இல்லைன்னா நேத்து வந்ததை இன்னைக்கு வந்தது அழிச்சுடும்.

நள்ளிரவு_ஷிஃப்ட்

தற்காலிக ஃபோல்டர் தர வங்கி ஒத்துக்கொண்டது, ரினேமும் உண்டாம். கேட்டபிறகு டிஆர் சர்வரின் ஹோஸ்ட் கீயும் தனியாக அனுப்பினார்கள். கடைசிக் கேள்வி: எங்கள் பிரைவேட் கீயை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கனெக்டரைப் புதிதாகப் போட வேண்டுமா?

கேபிள்பூனை

வேண்டாம். 4096 பிட் ஆர்எஸ்ஏ கீ ஒன்றைக் கடவுச்சொல் இல்லாமல் உருவாக்கி, பப்ளிக் பாதியை வங்கிக்கு அனுப்புங்கள். பழையதை எடுக்காமல் புதியதை அதன் பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்துவிட்டோம் என்று பதில் வந்தபின் சீக்ரெட்டின் மதிப்பை மட்டும் மாற்றி, டெஸ்ட் கனெக்‌ஷன் கொடுங்கள். சரி என்றால் பழையதை நீக்கச் சொல்லுங்கள்.

இதில் விழும் இடம் ஒன்றே ஒன்று. பிரைவேட் கீ பல வரி கொண்டது, ஜேசன் மதிப்புக்குள் நேரடி வரி முறிவு செல்லாது. சீக்ரெட்ஸ் மேனேஜரின் கட்டத்தில் கீயை ஒட்டினால் வரி முறிவுகள் கலைந்துபோக வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு முறிவையும் ஜேசனுக்குரிய தப்பிப்புக் குறியாக மாற்றி, கமாண்ட் லைனிலிருந்து ஏற்றுங்கள். ஜேக்யூ கருவி ஒரே வரியில் மாற்றித் தரும். பிகின், எண்ட் வரிகளும் உள்ளே இருக்க வேண்டும். ஃபீல்டு பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக் கூடாது. சீக்ரெட்டின் பெயர் ஏடபிள்யூஎஸ்/டிரான்ஸ்ஃபர்/ என்ற முன்னொட்டோடு தொடங்கட்டும், ரோலின் பாலிசியும் அந்த முன்னொட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கனெக்டரை அழித்துப் புதிதாகப் போடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரோலின் டிரஸ்ட் பாலிசியில் பாதுகாப்புக்காகக் கனெக்டரின் ஏஆர்என்னை (ஐடி அடங்கிய முழு அடையாளம்) எழுதி வைத்திருந்தால், புதிய கனெக்டருக்கு ஐடி மாறிவிடும், ரோலை அதனால் எடுக்க முடியாது.